பங்குனியிலும் பச்சையாக இருந்த இடம்

ஆடிச் சாரல் இறங்கிப் பத்து நாள் ஆனால் போதும், எங்க தோட்டத்துக் கல்லுச்சுவர் பச்சைக் கம்பளி போர்த்திக்கும். பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை ஓரத்தில் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற தென்மேற்கு மழையும் எங்களுக்கு உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. போதாததுக்குத் தென்னந்தோப்பு நிழல். துணி காயாது, தேங்காய்ப் பருப்பு காயாது, சுவரும் காயாது. டவுனிலிருந்து வர்ற சொந்தக்காரங்க ஆடியில் அந்தச் சுவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அதே ஆளுங்க பங்குனியில் வந்தால், "ஏனப்பா, இப்படி அழுக்காப் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்பாங்க. காய்ந்த பாசி பழுப்பாகிச் செதில் செதிலாத் தொங்கும். அதுக்குக் கீழே கருப்புக் கோடு, வெள்ளை உப்பு, கொக்கி அடிச்ச இடத்தில் துருக்கறை எல்லாம் வெளியே தெரியும்.

சுவர் எழுபது அடி நீளம், ஆறடி உயரம். எங்க அப்பாரு (அப்பாவோட அப்பாவை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) கிணறு வெட்டினப்போ வெடி வெச்சு எடுத்த கருங்கல். அந்தக் கல்லை விக்க மனசில்லாமல், சரிவான நிலத்தை ரெண்டு தட்டாப் பிரிச்சு, மேலே வீடு, வாசல், பூச்செடி, கீழே கட்டுத்தரைன்னு வகுத்து, மேல்மண்ணு சரியாமல் இருக்க நடுவில் இந்தச் சுவரைக் கட்டியிருக்கார். சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்புக் காரைதான். கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் ஊத்தி அரைச்ச காரைன்னு அம்மா சொல்லும்.

கட்டுத்தரையை ஒட்டி ஒரு சாளை இருக்குது. எங்க பண்ணையத்தில் வேலை செய்யற குடும்பம் அதில் குடியிருக்காங்க. புருசன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. பிள்ளைங்க படுக்கிற கயித்துக்கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி இருந்தால் அதிகம்.

போன பங்குனியில்தான் சுவரைச் சுத்தம் பண்ணுகிற பேச்சு வந்தது. அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். கல்யாணம் மண்டபத்தில், முதல் நாள் சீர் மட்டும் தோட்டத்தில்தான் நடக்கணும்னு எங்க அம்மா ஒரே பிடி. அண்ணன் கோயமுத்தூரில் இருக்கார். அங்கேயிருந்து ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தார். சின்னப் பையன், நல்ல பேச்சு. போனில் படம் காட்டினான்: ஏதோ ஒரு பண்ணை வீட்டுச் சுவர், எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச ஆள் மாதிரி பளபளன்னு. முதலில் ஆசிட் வாஷ், அடுத்து பிரஷர் வாஷ், அப்புறம் சந்துகளில் சிமெண்ட் பூச்சு, கடைசியில் பளபளப்புக்கு ஒரு கோட்டிங். நாலு நாள் வேலை, 28,000 ரூபாய்.

அண்ணனுக்குப் பிடிச்சுப்போச்சு. "கோயில் கல்லையே மணல் வீசி அடிச்சுத்தான் சுத்தம் பண்ணினாங்க, இது தோட்டத்துச் சுவரு" என்றார். அந்த மணல் வீச்சில்தான் பல கோயில்களில் கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கிப்போச்சுன்னு தொல்லியல் ஆளுங்க சண்டை பிடிச்ச கதையை நான் சொன்னேன். "நம்ம சுவத்துல என்ன ராஜராஜன் கல்வெட்டா இருக்குது?" என்று கேட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எங்க சுவரில் இருக்கிற ஒரே எழுத்து, அண்ணன் அஞ்சாவது படிக்கும்போது ஆணியால் கீறின அவர் பேர்தான்.

சரி, ஒரு வாரம் பொறுங்க, முதலில் சுவரில் என்னதான் இருக்குதுன்னு பார்ப்போம்னு சொன்னேன்.

நாம பாசின்னு ஒரே சொல்லில் முடிச்சுடறோம். குளத்தில் மிதக்கிறதும் பாசி, சுவரில் முளைக்கிறதும் பாசி, பிரியாணியில் போடறதும் கல்பாசி. மூணும் வேற வேற. சுவரில் மெத்து மெத்துன்னு பச்சையா இருக்கிறது ஒரு குட்டிச் செடி. தண்டு, இலை மாதிரி எல்லாம் இருக்கும், ஆனால் வேர் மட்டும் கிடையாது. கல்லைப் பிடிச்சுக்க மெல்லிசா இழைகள் உண்டு, அவ்வளவுதான். தண்ணியை உடம்பு முழுக்க அப்படியே உறிஞ்சிக்கும். காய்ஞ்சு சருகாக் கிடக்கிறதைச் செத்துப்போச்சுன்னு நினைக்கக் கூடாது, மறுபடி நனைஞ்சதும் எழுந்திரிச்சிடும்.

கல்பாசி செடியே இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக்குடும்பம். எங்க சுவரில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமா ஒட்டியிருக்கிறது அந்த ஜாதி. (மசாலாவுக்குப் போடற வகை வேற, இதைச் சுரண்டிக் குழம்பில் போட்டுடாதீங்க.) வருசத்துக்கு ஒருசில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்குதுன்னா அதுக்கு எங்க அண்ணன் வயசு இருக்கலாம். கருங்கல்லை அது தின்னு தீர்க்கப் பல தலைமுறை ஆகும். அதை நான் தொடறதில்லைன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன்.

கருப்புக் கோடுகளைத்தான் எல்லாரும் புகை, அழுக்குன்னு நினைக்கிறாங்க. மழைத்தண்ணி வழிஞ்சு இறங்கற பாதையில் வர்ற அந்தக் கருப்பு பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. நெல் வயலுக்குத் தழைச்சத்து தரும்னு விவசாய ஆபீசில் பொட்டலம் போட்டுக் குடுப்பாங்களே, அதோட பங்காளி. வயலில் வரம், சுவரில் கறை.

வெள்ளை உப்பு ரெண்டு விதம். ஒண்ணு, பூச்செடிக்குப் போட்ட தெளிப்பானிலிருந்து போர் தண்ணி தினமும் தெறிச்சுப் படிஞ்சது. ஆயிரம் அடி போரில் வர்ற தண்ணி எப்படி இருக்கும்னு எங்க வீட்டு இட்லிப் பானையின் அடியைப் பார்த்தால் தெரியும். இன்னொண்ணு, சுவருக்கு உள்ளேயிருந்து வந்து பூக்கிற உப்பு. பஞ்சு மாதிரி இருக்கும், கை வெச்சால் உதிரும். இது உள்ளே தண்ணி நடமாட்டம் இருக்குதுன்னு அர்த்தம். இதைத் தண்ணி ஊத்திக் கழுவினால் கரைஞ்சு உள்ளே போய், காய்ஞ்சதும் மறுபடி வெளியே வரும். காய்ஞ்ச சீமாறால் கூட்டித்தான் எடுக்கணும். சீமாறுன்னா துடைப்பம், எங்க ஊர்ப் பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் பையன் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். அண்ணனும் வந்திருந்தார். சுவர் அடியில் உதிர்ந்து கிடந்த காரைத் துண்டு ஒண்ணை எடுத்து ஒரு சட்டியில் வெச்சு, அவங்க கொண்டுவந்த ஆசிட்டில் நாலு சொட்டு விடச் சொன்னேன். புஸ்ஸுன்னு நுரைச்சது. ரெண்டு நிமிசத்தில் துண்டு பாதி. பக்கத்தில் ஒரு கருங்கல் சில்லில் விட்டோம், ஒண்ணும் ஆகலை. "கல்லுக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்றான் பையன். கல்லுக்கு ஆகாது தம்பி, கல்லைக் கோர்த்து வெச்சிருக்கிறதுக்குத்தான் ஆகும் என்றேன். பழைய காரை காத்திலிருந்து கரியமில வாயுவை வாங்கி இறுகிச் சுண்ணாம்புக்கல்லாவே மாறியிருக்கும். ஆசிட் பட்டால் கரையத்தான் செய்யும். கருங்கல்லும் தப்பிக்கும்னு முழுசாச் சொல்ல முடியாது. அதில் இரும்புச் சத்து உள்ள கனிமம் இருந்தால், ஆசிட் பட்டு ஒரு மாசம் கழிச்சு மஞ்சளாத் துருக்கறை கிளம்பும்.

டவுன் ஆளுங்களுக்கு இங்கே ஒண்ணு சொல்லணும். "ஆசிட் வேண்டாம், இயற்கையா எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணி போடுங்க" என்று வீடியோவில் சொல்றாங்க. பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. காரைக்கு எலுமிச்சையும் ஆசிட்தான், புளியும் ஆசிட்தான், வேகம்தான் கம்மி. மரத்தில் காய்ச்சதுங்கறதால காரை அதுக்குத் தனியா மரியாதை குடுக்காது.

நாங்க இப்படிப் பேசிக்கிட்டிருக்கும்போது, அவன் கூட வந்த ஆள் பிளீச்சிங் பவுடர் மூட்டையை அவிழ்த்து, ஆசிட் ஊத்தின அதே பக்கெட்டில் கொட்டப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்டது அந்த வாயுவைத்தான். கீழே சாளை வாசலில் ரெண்டு பிள்ளைங்க விளையாடிக்கிட்டிருந்தாங்க. அந்த ஆளைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவருக்கு யாரும் சொல்லித் தரலை, கையுறைகூடக் குடுக்கலை. நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் அந்த ஒரு நிமிசத்திலேயே அண்ணன் மனசு பாதி மாறிடுச்சு.

மீதிப் பாதி மாறினது சுவரைச் சுத்திப் பார்த்தப்போ. பங்குனி வெயிலில் எழுபது அடியும் பழுப்பாக் காய்ஞ்சு கிடக்குது. ஆனால் கிழக்குக் கோடியில், தரையிலிருந்து மூணடி உயரத்துக்கு, பன்னெண்டு அடி நீளம் மட்டும் இன்னும் பச்சை. தொட்டால் சில்லுன்னு இருக்குது. நான் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னது இதுக்காகத்தான். ஆடியில் சுவர் முழுக்கப் பச்சையா இருக்கிறது ஊர் வழக்கம். பங்குனியில் பச்சை இருந்தால் மேலேயிருந்து யாரோ தண்ணி குடுத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பாசியைக் கழுவி எடுத்துட்டு, சந்தெல்லாம் சிமெண்ட் பூசி, மேலே கோட்டிங்கும் அடிச்சால், அந்தத் தண்ணி வெளியே வர வழியே இல்லாமல் போயிடும்.

அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போய் மண்டி போட வெச்சு, சுவரோட நீளத்துக்கு நூல் பிடிச்சுக் காட்டினேன். அந்தப் பன்னெண்டு அடியில் சுவர் ரெண்டு விரற்கடை வெளியே தள்ளியிருந்தது. மாசமா இருக்கிற பொம்பளை வயிறு மாதிரின்னு கொத்தனார்கள் சொல்லுவாங்க. அதுக்கு நேர் எதிரேதான் சாளை.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் நடூரில் நடந்ததை எங்க மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. விடாமல் பெய்த மழையில் ஊறின கல்லுச்சுவர் பக்கத்தில் இருந்த வீடுகள் மேலே விழுந்து, தூங்கிக்கிட்டிருந்த 17 பேர் செத்துப்போனாங்க. அதைத் தீண்டாமைச் சுவர்னு அந்த மக்கள் சொன்னாங்க. எங்க சுவர் அதில் மூணில் ஒரு பங்கு உயரம்கூட வராது. ஆனால் இங்கேயும் மேலே படுத்திருக்கிறது நாங்க, கீழே படுத்திருக்கிறது எங்களுக்கு வேலை செய்யறவங்க. ஒரு கன மீட்டர் தண்ணி ஆயிரம் கிலோ. மண்ணு ஊறினால் தன் எடையோட அந்த எடையையும் சேர்த்துச் சுவர் மேலே சாய்க்கும். அண்ணன் ஒண்ணும் பேசலை. கான்ட்ராக்டர் பையனுக்கு வந்துபோன செலவைக் குடுத்து அனுப்பிட்டு, "அந்தக் குடும்பத்தை இன்னைக்கே மேல வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். வேலை முடியற வரைக்கும் அவங்க எங்க வீட்டுத் திண்ணை அறையில்தான் இருந்தாங்க.

தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க நாலு நாள் ஆச்சு. முதலில் தெளிப்பானை நிறுத்தினோம், பச்சை காயலை. அப்புறம் பொடக்காளியில் (புழக்கடைதான்) பாத்திரம் கழுவறதை நிறுத்தி, எல்லாத்தையும் முன் வாசல் தொட்டிக்கு மாத்தினோம். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. மூணாம் நாள் பாசி ஓரம் சுருண்டது. தோண்டிப் பார்த்தால், கழிவுநீர்க் குழாய் இணைப்புக்குள்ளே தென்னை வேர் கொத்தாப் புகுந்து, குழாயைப் பிளந்து வெச்சிருக்குது. எத்தனை வருசமாவோ எங்க வீட்டுச் சோத்துக்கஞ்சியும் சோப்புத் தண்ணியும் சுவர் முதுகில்தான் இறங்கிக்கிட்டு இருந்திருக்கு.

கல்லுக்கட்டுத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். எழுபதைத் தாண்டினவர். சுவரைப் பார்த்ததும் தட்டலை, தடவலை. கீழே குனிஞ்சு பார்த்து, "இதுக்கு மூக்கு இருக்கணுமே" என்றார். அப்பாரு காலத்துக் கொத்தனார் அஞ்சடிக்கு ஒண்ணா, சுவருக்குள்ளே தேங்கற தண்ணி வடிய துவாரம் விட்டிருக்கார். கட்டுத்தரையில் சாணியும் மண்ணும் ஏறி ஏறித் தரை ஒரு அடி உயர்ந்து, அத்தனையும் மூடிப்போச்சு. மமுட்டி போட்டு மண்ணை இறக்கி, நீளக் கம்பியால் ஒவ்வொண்ணாக் குத்தினோம். கிழக்குக் கோடித் துவாரத்தில் கம்பி உள்ளே போனதும் பழுப்பாத் தண்ணி பீச்சியது. ரெண்டு நாள் வடிஞ்சுக்கிட்டே இருந்தது. வேலைக்காரத் தம்பி அதைப் பார்த்துக்கிட்டே நின்னார். "இதுக்கு முன்னாலதானுங்க பிள்ளைக படுத்திருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். தள்ளின பன்னெண்டு அடியைப் பெரியவர் கல்லு கல்லாப் பிரிச்சு, பின்னாடி ஜல்லி கொட்டி, அதே கல்லை வெச்சுத் திரும்பக் கட்டினார்.

மீதிச் சுவரைச் சுத்தம் பண்ணினது நாங்களேதான். பெரியவர் சொன்ன முறை இது. பாசியைக் காய்ஞ்சிருக்கும்போதுதான் எடுக்கணும். ஈரத்தில் தேய்ச்சால் பச்சைச் சாறா இழுத்துக் கல்லு முழுக்கப் பூசிடும். மூங்கில் சிம்பை உளி மாதிரிச் சீவி, பாசியோட ஓரத்தில் குடுத்து நெம்பினால் அப்பளம் மாதிரி வரும். அப்புறம் தென்னஞ்சீமாறை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக் கட்டி, அதால் தேய்க்கணும். இரும்புக் கம்பி பிரஷ் ஆகாது. அதோட முள்ளு உடைஞ்சு சந்தில் தங்கி, மழை வந்தால் துருவாகும், ஒரு கறையை எடுக்கப்போய் நூறு கறை வெச்ச கதை. தண்ணி விட்டுத் தேய்க்கிற இடத்தில் முதலில் சுவரோட கீழ்ப்பாதியை நல்லா நனைச்சுடணும். காய்ஞ்ச கல்லு மேலேயிருந்து வழியற அழுக்குத் தண்ணியைக் குடிச்சுடும், நனைஞ்ச கல்லு குடிக்காது.

பிரஷர் வாஷ் மெஷினை வாடகைக்கு எடுக்கலாம்னு அண்ணன் மகன் சொன்னான். கார் டயருக்கு நாம அடிக்கிற காத்து 30 பி.எஸ்.ஐ. சுமார். அந்த மெஷின் தண்ணியை 1500-க்கு மேலே அடிக்கும். சிமெண்ட் தரைக்கு அடிங்க, மோட்டார் சைக்கிளுக்கு அடிங்க. காரைச் சந்தில் அடிச்சால் காரை பறந்துடும், அந்த ஓட்டையில் தண்ணியும் உள்ளே போகும். எங்களுக்கு இப்போ சுவருக்குள்ளே தண்ணி போனால் ராத்திரி தூக்கம் வராதுங்கற நிலைமை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மயில்துத்தம் அடிக்கச் சொன்னார். தென்னைக்கும் பாக்குக்கும் போர்டோ கலவை அடிக்கிறவங்க நாங்க. ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணி. பாசியை அது கொல்லும், சந்தேகமே இல்லை. ஆனால் கல்லில் நீலம் பிடிக்கும், வழிஞ்சு போற இடத்தில் மண்புழு போகும், எங்க தண்ணித் தொட்டியில் மீன் போகும். சுவருக்குக் கீழே மாடு நக்கும். வேண்டாம்னுட்டேன்.

சந்துகளில் அங்கங்கே அரசங்கன்னு முளைச்சிருந்தது. பாசியை விட இதுதான் சுவருக்கு எமன். பாசிக்கு வேர் இல்லை, அரசுக்கு வேரைத் தவிர வேற யோசனை இல்லை. அப்பர் சுவாமி கையில் உழவாரத்தோட நிற்கிறதை எல்லாச் சிவன் கோயிலிலும் பார்த்திருப்பீங்க. கோயிலில் புல்லும் பூண்டும் செதுக்கின கருவி அது. பெரியவர் அதே மாதிரி ஒரு சின்னக் கருவி வெச்சிருந்தார், காம்பு மட்டும் ஒரு சாண். விரல் தடிமன் ஆகறதுக்கு முன்னாடி கன்னை எடுத்துட்டால் வேரோட வந்துடும். தடிச்சுட்டால் இழுக்கக் கூடாது, கல்லும் கூடவே வரும். திரும்பத் திரும்ப வெட்டிப் பட்டினி போட்டுத்தான் சாகடிக்கணும்.

சுவர் நடுவில் ஒரு விளக்குமாடம் இருக்குது. எங்க அப்பத்தா தினமும் பொழுதோட அதில் விளக்கு வெக்கும். எண்ணெய் வழிஞ்சு வழிஞ்சு கீழே ரெண்டடிக்குக் கருப்பா நாக்குத் தொங்கினாப்பல கறை. அதை அப்படியே விட்டுடலாம், அப்பத்தா ஞாபகம்னு நான் சொன்னேன். அம்மா ஒரே வார்த்தையில் முடிச்சுது: "விளக்கு வெக்கறதை உட்டுப்போட்டுக் கறையை வெச்சுக்குவியா? தொடச்சுப்போடு கண்ணு."

எண்ணெய்க் கறைக்குத் தேய்ப்பு உதவாது, கல்லு எண்ணெயைக் குடிச்சிருக்கும், வெளியே இழுக்கணும். நாமக்கட்டியைப் பொடிச்சு, சலவைச் சோடா கொஞ்சம் கலந்து, தோசைமாவை விடக் கெட்டியாக் குழைச்சு, ஒரு விரல் தடிமனுக்கு அப்பினேன். மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டேன். அப்புறம் தாளை எடுத்துக் காய விட்டால், மண்ணு காயும்போது எண்ணெயை உறிஞ்சிக்கிட்டுப் பழுப்பா உதிர்ந்தது. மூணு தடவை போட்டேன். மிச்சத்தை அம்மா அரப்புத் தூள் போட்டுத் தேய்ச்சுது. தலை எண்ணெய்க்கு வாரா வாரம் தேய்க்கிற அதே அரப்புதான். முக்கால்வாசி போச்சு. இப்போ மாடத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு எரியுது.

துருக்கறையை முழுசா எடுக்க முடியலை. கொக்கிகளைப் பிடுங்கினதோட சரி.

உதிர்ந்த சந்துகளுக்குப் பெரியவர் சுண்ணாம்பேதான் போடணும்னுட்டார். கல்லுச் சுண்ணாம்பு நாலு மூட்டை வாங்கி, குழி வெட்டி, தண்ணி விட்டு நீத்தினோம். கொதிக்கும், பிள்ளைங்களை அண்ட விடக்கூடாது, கண்ணில் தெறிச்சால் பார்வை போயிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல். சந்தை ஒரு அங்குலம் சுரண்டி, ஈரப்படுத்தி, கரண்டியால் அழுத்தி உள்ளே தள்ளி, மேலே ஈரச் சாக்கு தொங்க விட்டு ரெண்டு வாரம் காய விடாமல் காத்தோம். சிமெண்ட் மறுநாளே கல்லாயிடும். சுண்ணாம்புக்கு அவசரமே கிடையாது, மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமா இறுகும். ஆனால் உள்ளேயிருந்து வர்ற ஈரத்தை வெளியே விடும்.

மேற்குக் கோடியில் ஒரு பொந்தில் கருஞ்சிட்டு கூடு வெச்சிருந்தது. அதைச் சுத்தி எட்டடிக்கு யாரும் கை வெக்கலை. சீர் அன்னைக்கு எடுத்த போட்டோவில் மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறதுக்குப் பின்னாடி அந்த எட்டடி மட்டும் பழுப்பா, தாடி எடுக்காத கன்னம் மாதிரி தெரியுது. போட்டோக்காரர் அழிச்சுத் தர்றேன்னு கேட்டாராம். அண்ணன் வேண்டாம்னுட்டாராம்.

செலவுக் கணக்குக் கேட்பீங்க. பெரியவர் கூலி, ஆள் கூலி, சுண்ணாம்பு, ஜல்லி, புதுக்குழாய் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆச்சு. பாசி எடுக்கறதுக்கு மட்டும் ஆனது அதில் நாலாயிரம்கூட இருக்காது. நாலு நாள் வேலை முப்பத்தாறு நாள் ஆச்சு. அண்ணன் பாதி குடுத்தார். சாளையைச் சுவரிலிருந்து பதினஞ்சு அடி தள்ளிப் புதுசாக் கட்டித் தரலாம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம். அஸ்திவாரம் தோண்டியாச்சு, இந்த வருசத் தேங்காய் விலையைப் பார்த்துத்தான் மேலே எழுப்பணும். பழைய சாளையில் இப்போ தீவனம் கிடக்குது.

குழியில் பாதிச் சுண்ணாம்பு மிச்சம். மேலே ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கிற மாதிரி பார்த்துக்கிட்டால் வருசக்கணக்கில் கெடாது, நாளாக நாளாக வெண்ணெய் மாதிரி ஆகும்னு பெரியவர் சொல்லிட்டுப் போனார். தென்னமட்டையும் தகரமும் போட்டு மூடி வெச்சிருக்கேன். கிணத்துமேட்டுக் கல்லுக்கட்டில் ரெண்டு இடம் உதிர்ந்து கிடக்குது. தை அறுவடை முடியட்டும்.